பிடிஎஸ் முதல் ஆண்டில் ஒரு பாடம் போய்விட்டால் என்ன ஆகும், என்ன செய்ய வேண்டும்?

கேட்டவர் ஒரு தந்தை. மகள் தமிழ்நாட்டில் ஒரு தனியார் கல்லூரியில் பிடிஎஸ் என்ற பல் மருத்துவப் பட்டப்படிப்பின் முதல் ஆண்டுத் தேர்வு எழுதியிருக்கிறாள். மூன்று பாடங்களில் இரண்டு பாஸ், அனாட்டமி (உடற்கூறியல்) போய்விட்டது. வருடம் வீணாகுமா, கல்லூரியை விட்டு அனுப்பிவிடுவார்களா, வெளியே டியூஷன் வைக்க வேண்டுமா, வேறு கல்லூரிக்கு மாற்றிவிடலாமா என்று நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறார். நான் பல் மருத்துவக் கல்லூரியில் பாடம் எடுப்பவள். முதல் இரண்டு ஆண்டு மாணவர்களோடுதான் என் வேலையில் பெரும்பகுதி. எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் இரண்டு கேள்விகளுக்கும் இப்போதைக்குப் பதில் "இல்லை". ஒரே ஒரு பாடத்தில் தவறியவர் அடுத்த ஆண்டு வகுப்புக்குப் போகலாம். உங்கள் மகள் இரண்டாம் ஆண்டு வகுப்பில் உட்காரலாம், லேபுக்குப் போகலாம், வருகைப்பதிவும் ஏறும். ஆனால் இரண்டாம் ஆண்டுப் பல்கலைக்கழகத் தேர்வுக்கு உட்காருவதற்கு முன்னால் அனாட்டமியை முடித்திருக்க வேண்டும். அதாவது தவறியவர்களுக்காக இடையில் வரும் சப்ளிமென்டரி தேர்வுதான் அவளுக்கு முக்கியம். அதில் தேறிவிட்டால் சேர்ந்த பேட்சோடு சேர்ந்தே போய்விடுவாள், ஒரு நாள்கூட இழப்பில்லை.

இந்த விதிகள் எங்கே இருக்கின்றன என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்திய பல் மருத்துவ கவுன்சில் 2007ல் வெளியிட்ட பிடிஎஸ் படிப்பு விதிமுறைகளும் அதற்குப் பின்னால் வந்த திருத்தங்களும்தான் அடிப்படை. ஆண்டுக்கு 240 வேலை நாட்கள் வீதம் நான்கு ஆண்டுப் படிப்பு, அப்புறம் ஓராண்டு பயிற்சி மருத்துவர் காலம் என்ற அமைப்பு அங்கிருந்து வருகிறது. அதன் மேல் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் ரெகுலேஷனை எழுதிக்கொள்ளும். தமிழ்நாட்டில் அரசுக் கல்லூரிகளும் பல தனியார் கல்லூரிகளும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. சில தனியார் கல்லூரிகள் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவை, அவற்றுக்குத் தேர்வுக் கட்டுப்பாட்டாளர் உள்ளேயே இருப்பார். சீனியர் சொன்னார், வாட்ஸ்ஆப்பில் வந்தது என்று எதையும் நம்ப வேண்டாம். உங்கள் மகள் சேர்ந்த ஆண்டுக்குப் பொருந்தும் ரெகுலேஷனை அலுவலகத்தில் கேட்டு வாங்கி, ஒரு முறை முழுதாகப் படித்துவிடுங்கள். சில பக்கங்கள்தான்.

இரண்டு பாடங்களில் தவறியிருந்தால் கதை வேறு. மேல் வகுப்புக்குப் போக முடியாது. சப்ளிமென்டரி முடிந்து, அதில் தேறி, அப்புறம்தான் இரண்டாம் ஆண்டு தொடங்கும். அப்படித் தங்கியவர்களைச் சேர்த்து நடத்தும் வகுப்பைத்தான் மாணவர்கள் பிரேக் பேட்ச் என்கிறார்கள். அவர்கள் மற்றவர்களைவிட ஆறு மாதம் பின்னால் ஓடுவார்கள், அவர்களுடைய 240 நாள் கணக்கும் தனி. ஒரு பாடத்துக்கும் இரண்டு பாடத்துக்கும் நடுவே இவ்வளவு பெரிய இடைவெளி இருப்பதால்தான் உங்கள் மகளின் நிலை நீங்கள் பயப்படும் அளவுக்கு மோசமில்லை என்கிறேன்.

வெளியேற்றம் பற்றி விதியில் இரண்டு எல்லைகள் உண்டு. சேர்ந்த தேதியிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் முதல் ஆண்டின் எல்லாப் பாடங்களையும் முடிக்காதவர் படிப்பிலிருந்து நீக்கப்படுவார். அதேபோல் பயிற்சிக் காலமும் சேர்த்து ஒன்பது ஆண்டுகளுக்குள் முழுப் படிப்பையும் முடிக்க வேண்டும். ஒன்பது ஆண்டு என்பது கேட்க நிறைய மாதிரி இருக்கும். ஆனால் முதலாண்டிலேயே கூடுதலாக இரண்டு ஆண்டு போய்விட்டால், மிச்சமுள்ள மூன்று ஆண்டுப் பாடங்களுக்கும் சேர்த்து இரண்டே ஆண்டுதான் கையில் உபரி. இறுதி ஆண்டில் எட்டுப் பாடங்கள் என்பதை மனதில் வைத்துப் பார்த்தால் அது தாராளமான கணக்கு அல்ல.

இங்கே ஒரு விஷயத்தைப் பெற்றோர் பலர் கவனிப்பதில்லை. கணக்கு சேர்ந்த தேதியிலிருந்து ஓடுகிறது, எத்தனை முறை தேர்வெழுதினார் என்பதிலிருந்து அல்ல. உடம்பு சரியில்லாமல் வீட்டில் இருந்த மாதங்களும் அதில் அடக்கம், வருகை போதாமல் தேர்வுக்கு உட்கார விடாத பருவமும் அடக்கம். "தயாராகவில்லை, இந்தத் தடவை விட்டுவிட்டு அடுத்த தடவை எழுதுகிறேன்" என்று பிள்ளைகள் சொல்லும்போது வீட்டில் சரி என்று தலையாட்டிவிடுகிறார்கள். மூன்று ஆண்டில் முதலாண்டுப் பாடத்துக்கு நாலைந்து வாய்ப்புதான் கிடைக்கும். எழுதாமல் விட்டதும் அதில் ஒன்றைத் தின்றுவிடும்.

வருகைப்பதிவுக்கு 75 சதவீதம் வேண்டும். தியரிக்குத் தனியாக, பிராக்டிகலுக்கும் கிளினிக்குக்கும் தனியாக. அந்த ஆண்டு பல்கலைக்கழகத் தேர்வு இல்லாத பாடமென்றால் 70. உதாரணமாக, முதலாண்டிலேயே பல் பொருளியல் (பல் சிகிச்சையில் பயன்படும் பொருட்கள் பற்றிய பாடம்) வகுப்பும், செயற்கைப் பல் பிரிவின் ஆரம்ப லேப் வேலையும் தொடங்கிவிடும், தேர்வு இரண்டாம் ஆண்டில்தான். "அதற்குத்தான் இப்போது பரீட்சை இல்லையே" என்று அந்த வகுப்புகளைத் தவிர்க்கும் பிள்ளைகள் அடுத்த ஆண்டு மாட்டிக்கொள்கிறார்கள். மருத்துவச் சான்றிதழ் கொடுத்தால் வருகை தானாகச் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் தவறு. குறைவை மன்னிப்பது பல்கலைக்கழகத்தின் விருப்புரிமை. கேட்கலாம், கிடைத்தே தீரும் என்று இருக்க முடியாது. உங்கள் மகள் இப்போது அனாட்டமிக்காக இரண்டாம் ஆண்டு வகுப்புகளைக் கட் அடிக்கத் தொடங்கினால், ஒரு பள்ளத்திலிருந்து ஏறும்போதே அடுத்ததைத் தோண்டுவது போல ஆகிவிடும். அதை மட்டும் விடாதீர்கள்.

சரி, மதிப்பெண் கணக்குக்கு வருவோம். எங்கே தவறினாள் என்பதை இதிலிருந்துதான் கண்டுபிடிக்க முடியும்.

ஒரு பாடத்துக்கு 200 மதிப்பெண். தியரி 100: எழுத்துத் தேர்வு 70, வைவா (வாய்மொழித் தேர்வு) 20, இன்டர்னல் 10. பிராக்டிகல் 100: பல்கலைக்கழகத் தேர்வு 90, இன்டர்னல் 10. தியரிப் பக்கம் தனியாக 50, பிராக்டிகல் பக்கம் தனியாக 50 எடுக்க வேண்டும். ஒன்றின் உபரி மற்றதன் குறையை அடைக்காது. இன்டர்னல் என்பது ஆண்டில் குறைந்தது மூன்று முறை கல்லூரி வைக்கும் தேர்வுகளின் சராசரி.

பத்து மதிப்பெண்தானே என்று இன்டர்னலை அலட்சியமாக நினைப்பவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். ஒரு மாணவிக்கு இன்டர்னல் 7, வைவா 12 என்றால் எழுத்துத் தேர்வில் 70க்கு 31 எடுத்தால் போதும். இன்னொரு மாணவிக்கு இன்டர்னல் 3, வைவா 7 என்றால் அவள் 40 எடுக்க வேண்டும். ஒரே கேள்வித்தாள், ஒரே நாள், ஆனால் இரண்டாமவள் ஒன்பது மதிப்பெண் கூடுதல் சுமையோடு தேர்வறைக்குள் நுழைகிறாள். அனாட்டமி மாதிரி ஒரு பாடத்தில் ஒன்பது மதிப்பெண் என்பது கிட்டத்தட்ட ஒரு பெரிய கேள்வி. ஜூலை மாதமோ ஜனவரி மாதமோ ஒரு சாதாரண இன்டர்னல் டெஸ்டுக்குப் போகாமல் விட்டதன் விலை இது.

இன்னொன்று. மற்ற எல்லாவற்றிலும் தேறி ஒரே பாடத்தில் மட்டும் தவறியவருக்கு 5 மதிப்பெண் வரை கருணை மதிப்பெண் கொடுக்க விதியில் இடமுண்டு. உங்கள் மகள் அந்த வகையில்தான் வருகிறாள், ஆனாலும் தேறவில்லை. அப்படியானால் குறைவு ஐந்தைத் தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம். "சும்மா ஒன்றிரண்டு மார்க்கில் போய்விட்டது" என்று அவள் வீட்டில் சொல்லியிருந்தால், திட்டாமல், மார்க் ஷீட்டை எடுத்து வைத்துக்கொண்டு சேர்ந்து பாருங்கள். தியரியா, பிராக்டிகலா, இரண்டுமா? வைவாவில் எவ்வளவு? இந்த விவரம் தெரியாமல் "நன்றாகப் படி" என்று சொல்வதில் பயனில்லை. மறுமதிப்பீடு கேட்கலாமா என்று நீங்கள் யோசித்தால், விடைத்தாளை ஆரம்பத்திலேயே இரண்டு பேர் திருத்தும் முறை உள்ள பல்கலைக்கழகங்களில் அது கிடையாது. கூட்டல் சரிபார்ப்பு மட்டும்தான் இருக்கும். அதை நம்பி சப்ளிமென்டரிக்குப் படிப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.

இதுவரை சொன்னதெல்லாம் விதி. நான் உண்மையில் சொல்ல வந்தது இனிமேல்தான்.

இந்த விதிகள் ஒரு மாணவரை எப்போது நிறுத்தி வைக்க வேண்டும், எப்போது வெளியே அனுப்ப வேண்டும் என்பதைத் துல்லியமாகச் சொல்கின்றன. தவறியவரை எப்படித் தூக்கிவிட வேண்டும் என்பதைப் பற்றி அவற்றில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. தவறியவருக்கு இன்டர்னலை உயர்த்திக்கொள்ள மறுபடி டெஸ்ட் வைக்கும் ஏற்பாடு சில பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. அது நல்ல ஏற்பாடுதான், ஆனால் டெஸ்ட் வைப்பது வேறு, சொல்லிக்கொடுப்பது வேறு. முடிவு வெளியான நாளுக்கும் அடுத்த தேர்வுக்கும் நடுவே உள்ள மாதங்களில் அந்தப் பிள்ளைக்கு யார் பொறுப்பு என்று பார்த்தால், பல இடங்களில் யாருமில்லை. அனாட்டமி துறை புது பேட்சோடு ஓடிக்கொண்டிருக்கும். இரண்டாம் ஆண்டு ஆசிரியர்களுக்கு அவள் அனாட்டமி பாக்கி வைத்திருப்பதே தெரியாது. விடுதி அறையில் தனியாக, போன முறை படித்த அதே புத்தகத்தை, போன முறை படித்த அதே விதத்தில் மறுபடி படிப்பாள். பலர் இரண்டாவது முறையும் தவறுவதற்குக் காரணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன், திறமைக் குறைவு அல்ல.

அமெரிக்கப் பல் மருத்துவக் கல்லூரிகளில் இதை வேறு விதமாகச் செய்கிறார்கள். அங்கே மாணவர் முன்னேற்றத்தைக் கவனிக்கும் ஒரு குழு இருக்கும். ஒரு பாடத்தில் தவறியவரைப் பற்றி அந்தக் குழு உட்கார்ந்து பேசும். எதை மறுபடி படிக்க வேண்டும், எந்த ஆசிரியரோடு, எந்தத் தேதிக்குள், எப்படிச் சோதிப்போம் என்று எழுத்தில் ஒரு திட்டம் கொடுக்கும். கோடை விடுமுறையில் பாடத்தை முடிக்கச் சொல்லலாம், ஆண்டைத் திரும்பப் படிக்கச் சொல்லலாம், நன்னடத்தைக் காலம் போல ஒரு கண்காணிப்பில் வைக்கலாம், கடைசியில் வெளியேற்றவும் செய்யலாம். மாணவருக்கு மேல்முறையீடு உண்டு. அங்கேயும் கடுமை குறைவில்லை. 2020ல் தொடங்கிய அவர்களுடைய தேசிய ஒருங்கிணைந்த தேர்வுக்கு ஐந்து ஆண்டு, ஐந்து முயற்சி என்ற வரம்பு இருக்கிறது. எல்லாவற்றையும் அப்படியே இங்கே கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வெளிக் கல்லூரியிலிருந்து தேர்வாளர்கள் வந்து மதிப்பிடும் நம் முறையில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது, கல்லூரி தன் இஷ்டத்துக்கு ஒருவரைத் தூக்கவோ தள்ளவோ முடியாது. ஆனால் "எழுத்தில் ஒரு திட்டம்" என்ற அந்த ஒன்றை நாம் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் வேண்டாம்.

அதை எப்படிக் கேட்பது? கல்லூரிகளை மதிப்பிடும் நாக் அமைப்பு, பின்தங்கிய மாணவர்களை அடையாளம் கண்டு அவர்களுக்காகத் தனியாக என்ன செய்கிறீர்கள் என்று கேட்கிறது. அதனால் நாக் அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் மென்டார் பட்டியல், ரெமிடியல் வகுப்பு அட்டவணை எல்லாம் காகிதத்தில் கட்டாயம் இருக்கும். நீங்கள் போய்க் கேட்டால் அது நடைமுறைக்கும் வரும். துறைத் தலைவரைப் பார்க்க நேரம் வாங்குங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவளை வெளியே நிறுத்திவிட்டுப் பேசாதீர்கள். சண்டைக்குப் போகும் முகத்தோடு போக வேண்டாம். "மேடம், எந்த இடத்தில் இவள் பலவீனமாக இருக்கிறாள்? வாரத்துக்கு ஒரு முறை யாராவது கேள்வி கேட்டுப் பார்க்க முடியுமா? எலும்புகளும் மைக்ரோஸ்கோப் ஸ்லைடுகளும் பார்க்க மாலையில் அனுமதி கிடைக்குமா?" இந்த மூன்றைக் கேட்டாலே போதும். நேரடியாகக் கேட்டு வரும் பிள்ளைக்கு நேரம் கொடுக்க மாட்டேன் என்று சொல்லும் ஆசிரியர்கள் குறைவு. கேட்டு வரும் பிள்ளைகள்தான் குறைவு.

இப்போது அனாட்டமிக்கு வருகிறேன். பல் மருத்துவ மாணவருக்கு முழு உடம்பும் ஒரே எடை அல்ல. தலையும் கழுத்தும்தான் மையம். மண்டை ஓடு, கீழ்த்தாடை எலும்பு, தாடை மூட்டு, மெல்லும் தசைகள், முகத்தின் இரத்தக் குழாய்கள், ஐந்தாவது, ஏழாவது மூளை நரம்புகள், இன்ஃப்ராடெம்போரல் பள்ளம், நாக்கு, உமிழ்நீர்ச் சுரப்பிகள். இவற்றை எலும்பைக் கையில் வைத்துக்கொண்டு வாய்விட்டுச் சொல்லத் தெரிந்தால் தியரியும் வைவாவும் ஒன்றாகவே தீரும். அப்புறம் ஹிஸ்டாலஜி (திசுவியல்) ஸ்லைடுகள், கரு வளர்ச்சியைப் பற்றிய கருவியல். தவறும் பிள்ளைகளிடம் நான் பார்ப்பது, பெரும்பாலானோர் படித்திருக்கிறார்கள். ஆனால் கண்ணால் மட்டுமே படித்திருக்கிறார்கள். கீழ்த்தாடை எலும்பைக் கையில் கொடுத்து "நரம்பு எந்த ஓட்டை வழியாக உள்ளே போகிறது?" என்று கேட்டால் விரல் அலைபாயும். தினமும் ஒரு படத்தைப் பார்க்காமல் வரைவது, வரைந்ததை ஒரு தோழிக்குச் சொல்லிக்காட்டுவது, வாரம் ஒரு பழைய பெரிய கேள்வியைக் கடிகாரம் வைத்து எழுதி ஆசிரியரிடம் காட்டுவது. இதுதான் வேலை, இதைவிடப் புதிதாக எதுவுமில்லை.

பாஸ் ஆனால் போதும் என்று இதைக் கடந்துவிடக் கூடாது என்பதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. மூன்றாம் ஆண்டில் அவள் ஒரு நோயாளிக்குக் கீழ்த்தாடை மரத்துப்போக ஊசி போடுவாள். அந்த ஊசி முனை போய் நிற்க வேண்டிய இடம் இப்போது படிக்கும் இதே பகுதிதான். இடம் தெரியாமல் கொஞ்சம் பின்னால் போய்விட்டால் மருந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் இறங்கி, நோயாளியின் முகம் ஒரு பக்கம் சில மணி நேரம் அசையாமல் போகும். நோயாளி பயந்துவிடுவார், மாணவி அதைவிடப் பயந்துவிடுவாள். அனாட்டமியை ஒரு தடவை கூடுதலாகப் படிக்க நேர்ந்தவர்கள் கிளினிக்கில் நன்றாகச் செய்வதை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு அந்த இடம் நன்றாக மனதில் பதிந்திருக்கும்.

மொழிப் பிரச்சினையைத் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகள், குறிப்பாக 2020ல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் சேர்ந்த அரசுப் பள்ளி மாணவர்கள், முதலாண்டில் தடுமாறினால் அது பாடம் புரியாததால் அல்ல. அவர்களுக்குப் புரிகிறது, ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம் தொடர்ந்து எழுத வரவில்லை. வைவாவில் கேள்வி விளங்குகிறது, பதிலை ஆங்கிலத்தில் கோக்க நேரம் பிடிக்கிறது, அதற்குள் தேர்வாளர் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார். இவர்களுக்கு அனாட்டமி ரெமிடியல் வகுப்பு கொடுப்பதால் பயன் பாதிதான். ஒவ்வொரு தலைப்புக்கும் பத்து வாக்கியம் சொந்தமாக எழுதிப் பழகச் செய்ய வேண்டும், வாரத்துக்கு இரண்டு முறை வைவா போல உட்கார வைத்துக் கேட்க வேண்டும். சில மாதங்களில் தேறிவிடுகிறார்கள். உங்கள் மகள் எந்த வழியில் படித்து வந்தாள் என்று நீங்கள் சொல்லவில்லை. இது பொருந்துமானால் முதலில் இங்கே கவனியுங்கள். சின்ன வயதிலிருந்தே வாசிப்பதிலும் எழுதுவதிலும் திணறல் இருந்த பிள்ளை என்றால் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று ஒரு முறை பரிசோதித்துவிடுங்கள். 2016ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதையும் ஒரு குறைபாடாக ஏற்கிறது.

டியூஷன் கேட்டிருந்தீர்கள். நல்ல ஆசிரியர் கிடைத்தால் தவறில்லை, ஆனால் எலும்பும் ஸ்லைடும் இல்லாத டியூஷனில் பாதிப் பாடம் நடக்காது. கல்லூரிக்குள்ளேயே கிடைப்பதை முதலில் பயன்படுத்துங்கள். இணையத்தில் காணொளிகள் ஏராளம், புரிந்துகொள்ள உதவும். எழுதவும் சொல்லவும் பழக உதவாது.

இரண்டாம் ஆண்டு என்ன கேட்கும் என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் அவள் இரண்டையும் ஒன்றாகச் சுமக்கப் போகிறாள். நோயியலும் நுண்ணுயிரியலும் ஒரு பாடம், மருந்தியல் ஒன்று, பல் பொருளியல் ஒன்று. இவை போக எழுத்துத் தேர்வே இல்லாத இரண்டு பாடங்கள்: செயற்கைப் பல் பிரிவின் முன்மருத்துவப் பயிற்சியும் (நோயாளியிடம் போவதற்கு முன் லேபில் செய்வது), பல் அடைப்புப் பிரிவின் முன்மருத்துவப் பயிற்சியும். ஒவ்வொன்றும் 100 மதிப்பெண்: இன்டர்னல் 20, செய்முறை 60, வைவா 20. இங்கே மனப்பாடம் செல்லாது. பொம்மைத் தாடையில் உள்ள பல்லில் குழி வெட்ட வேண்டும், மெழுகில் பற்களை அடுக்க வேண்டும், அதுவும் குறித்த நேரத்துக்குள்.

எழுத்துத் தேர்வில் தவறியவர் தனியாகப் படித்தும் தேறலாம். கை வேலையில் தவறியவர் தனியாகத் தேறுவது மிகக் கடினம். கை ஒரு தவறைப் பழகிக்கொண்டால், திரும்பத் திரும்பச் செய்யும்போது அந்தத் தவறே உறுதிப்படும். ஒரு மாணவி வெட்டிய குழியின் அடித்தளம் ஒரு பக்கம் சரிந்திருக்கும். "சரியில்லை, திரும்பச் செய்" என்று சொன்னால் மறுபடி அதே சரிவோடு வெட்டி வருவாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும், அவள் விரலைப் பக்கத்துப் பல்லில் ஊன்றாமல் கையை அந்தரத்தில் வைத்திருக்கிறாள், அல்லது கண்ணாடியில் பார்க்காமல் கழுத்தை வளைத்து நேராகப் பார்க்க முயல்கிறாள். அந்த ஒன்றைத் திருத்தினால் அடுத்த நாளே குழி நேராகிவிடும். இது ஒரு ஆசிரியர் ஒரு மாணவிக்கு அரை மணி நேரம் ஒதுக்கினால் நடக்கும் விஷயம். எந்தத் தண்டனைக்கும் எந்தக் கூடுதல் டெஸ்டுக்கும் இதைச் செய்ய முடியாது. கை வேலையில் பின்தங்குபவர்களை ஆண்டு இறுதியில் அல்ல, முதல் இரண்டு மாதத்திலேயே கண்டுபிடித்துத் தனியாக உட்கார வைக்க வேண்டும் என்று நான் துறைக் கூட்டங்களில் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உங்கள் மகளுக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: அனாட்டமியைக் காரணம் காட்டி லேப் நேரத்தைத் தியாகம் செய்ய வேண்டாம். அனாட்டமிக்குக் காலையோ இரவோ ஒன்றரை மணி நேரம், தினமும். லேப் நேரம் லேபுக்கே.

இறுதி ஆண்டில் இதே சிக்கல் கோட்டா என்ற பெயரில் திரும்ப வரும். இத்தனை பல் எடுத்தல், இத்தனை அடைப்பு, இத்தனை முழுப் பல்செட் என்று முடித்துக் காட்ட வேண்டும். நோயாளி வராத நாட்களில் பிள்ளைகள் பதறுவார்கள், உறவினரைக் கூட்டி வருவார்கள். அது இன்னும் தூரத்தில் இருக்கிறது, இப்போது கவலை வேண்டாம்.

பிள்ளையின் மனநிலை. மருத்துவப் படிப்பில் சேரும்வரை அநேகமாக எந்தப் பரீட்சையிலும் தோற்காத பிள்ளைகள் இவர்கள். முதல் தோல்வி மிகவும் ஆழமாகக் குத்தும். சாப்பாடு குறைவது, தூக்கம் கெடுவது, தோழிகளைத் தவிர்ப்பது, "எனக்கு இது வராது, நான் எதற்கும் லாயக்கில்லை" என்று பேசுவது இவற்றையெல்லாம் சோம்பல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உறவினர் வீட்டு விசேஷத்தில் வைத்து ரிசல்ட் பற்றிப் பேசாதீர்கள். கட்டிய ஃபீஸை நினைவுபடுத்தாதீர்கள், அது அவளுக்குத் தெரியும். தேவைப்பட்டால் தயங்காமல் மனநல ஆலோசனை எடுங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

பணம் சம்பந்தமாக ஒன்று. கல்விக் கடன் வாங்கியிருந்து, பின்னால் எப்போதாவது படிப்பு நீண்டுவிட்டால், வங்கிக்குத் தெரிவிக்காமல் இருந்துவிடாதீர்கள். வங்கிகள் பின்பற்றும் மாதிரித் திட்டத்தில், குறித்த காலத்தில் முடிக்க முடியாத மாணவருக்கு அதிகபட்சம் இரண்டு ஆண்டு நீட்டிப்பு தர இடமுண்டு. கல்லூரியிடம் சான்று வாங்கி முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் தவணை தொடங்கும் நாள் தள்ளிப்போகும்.

ஆறு மாதம் பின்தங்குவதால் வரும் இழப்பு பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, அதனால் நான் சொல்லிவிடுகிறேன். முதுநிலைப் படிப்புக்கான நீட் எம்டிஎஸ் தேர்வுக்கு, பயிற்சிக் காலத்தை எந்தத் தேதிக்குள் முடித்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு ஆண்டும் ஒரு கெடு வைப்பார்கள். வழக்கமான பேட்ச் அந்தக் கெடுவுக்குள் வந்துவிடும். பிரேக் பேட்சில் வந்தவர்களின் பயிற்சி அதற்குப் பல மாதம் கழித்து முடிவதால், அரை ஆண்டுப் பின்னடைவு அங்கே முழு ஆண்டாகிவிடலாம். உங்கள் மகள் இந்த சப்ளிமென்டரியிலேயே அனாட்டமியை முடித்தாக வேண்டும் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இது பெரிய காரணம். 2023ல் இயற்றப்பட்ட தேசிய பல் மருத்துவ ஆணையச் சட்டம், பதிவு பெறுவதற்கும் முதுநிலைச் சேர்க்கைக்கும் நாடு முழுமைக்கும் பொதுவான ஒரு நிறைவுத் தேர்வைக் கொண்டுவருகிறது. அது நடைமுறைக்கு வரும்போது இந்தத் தேதிக் கணக்குகள் மாறலாம், கல்லூரி அறிவிப்புகளைக் கவனித்து வாருங்கள்.

கடைசிக் கேள்வி, வேறு கல்லூரிக்கு மாற்றுவது. இப்போது முடியாது. முதலாண்டின் எல்லாப் பாடங்களிலும் தேறிய பிறகு, இரண்டாம் ஆண்டின் தொடக்கத்தில் மட்டும்தான் மாறுதலுக்கு விதியில் இடமிருக்கிறது. அதுவும் இரண்டு கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் சம்மதித்து, போதுமான காரணம் காட்டினால்தான். மாணவரின் உரிமையாக அதைக் கேட்க முடியாது. யாராவது பணம் வாங்கிக்கொண்டு மாற்றித் தருகிறேன் என்று வந்தால் கொடுத்துவிடாதீர்கள். சப்ளிமென்டரிக்கு விண்ணப்பிக்கும் கடைசித் தேதி எப்போது என்று நாளைக்கே கல்லூரி அலுவலகத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அபராதம் இல்லாத தேதி ஒன்று இருக்கும், அபராதத்தோடு கட்டும் தேதி ஒன்று இருக்கும். இரண்டும் போய்விட்டால் அந்தப் பருவம் போய்விடும்.